மஞ்சள் இரண்டு, கறுப்பு இரண்டு: கணினிச் செயலிக்கு மின்சாரம் வந்த வழி



மாதிரித் தேர்வுத் தாள் திருத்தும் காலத்தில் ‘கணினியின் வளர்ச்சி’ என்ற தலைப்பில் எப்படியும் பத்துப் பதினைந்து கட்டுரைகள் என் மேசைக்கு வந்து சேரும். எல்லாவற்றிலும் ஒரே பல்லவி. அறை அளவு இருந்த கணினி உள்ளங்கைக்குள் வந்துவிட்டது, உலகம் சுருங்கிவிட்டது, கணினி இல்லாமல் வாழ்க்கை இல்லை. எப்போது, யார், ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. மதிப்பெண் குறைவதும் அங்கேதான். எதனால் ஒன்று மாறியது என்று சொல்லாவிட்டால் அது வரலாற்றுக் கட்டுரை ஆகாது, வெறும் வருணனைதான்.

ஆகவே, இம்முறை பெரிய தலைப்பு எதுவும் வேண்டாம். மேசைக் கணினிக்குள் இருக்கும் ஒரே ஒரு பிளக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். பள்ளிக் கணினி ஒன்றின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். கடைக்காரர் பவர் சப்ளை என்று சொல்லும் மின்வழங்கியிலிருந்து ஒரு தடித்த வயர்க்கட்டு தாய்ப்பலகையின் ஓரத்துக்குப் போகும். அது பெரிய பிளக். அதை விட்டுவிடுங்கள். பலகையின் மேல்மூலையில், செயலியின் விசிறிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பிளக் செருகியிருக்கும். பழைய கணினியில் நான்கு துளை, புதியதில் எட்டு. மஞ்சள் வயர் பாதி, கறுப்பு வயர் பாதி. சில புதிய வழங்கிகளில் எல்லா வயரும் கறுப்பாகவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். நாம் பார்க்கப்போவது இந்தச் சின்னப் பிளக்கைத்தான். இது பிறந்து கால் நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு முன்பு இப்படி ஒன்று தேவைப்படவே இல்லை. ஏன் தேவைப்படவில்லை, பிறகு ஏன் தேவைப்பட்டது என்பதுதான் கதை.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் தனிநபர் கணினியை வெளியிட்டது. அதன் மின்வழங்கியின் மொத்தத் திறன் 63.5 வாட். வீட்டு வரவேற்பறையில் அந்தக் காலத்தில் எரிந்த ஒரு குண்டு பல்பின் அளவு, அவ்வளவுதான். உள்ளே இருந்த செயலி இன்டெல் 8088. அதில் 29,000 டிரான்சிஸ்டர்கள். அது குடித்த மின்திறன் இரண்டு வாட்டுக்குள். வேலை செய்த மின்னழுத்தம் 5 வோல்ட். பலகையில் இருந்த மற்றச் சில்லுகளில் பெரும்பாலானவற்றுக்கும் அதே 5 வோல்ட்தான். ஒரே பானையிலிருந்து ஏறக்குறைய எல்லாருக்கும் சோறு என்பதுபோல. செயலிக்குத் தனி இலை போட வேண்டிய அவசியமே இல்லை. 12 வோல்ட்டும் வந்தது, ஆனால் அது பெரும்பாலும் வட்டு இயக்கியின் மோட்டாரைச் சுழற்றத்தான்.

அந்தக் கணினிக்கு மின்சாரம் பி8, பி9 என்ற இரண்டு பிளக்குகள் வழியாக வந்தது. ஒவ்வொன்றிலும் ஆறு துளை. இரண்டையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் செருக வேண்டும். இங்கேதான் ஒரு வில்லங்கம். இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். இடம் மாற்றிச் செருகினாலும் ஏறத்தாழப் பொருந்திவிடும். மாற்றிச் செருகி விசையை அழுத்தினால், தரை வயர் இருக்க வேண்டிய இடத்தில் மின்னழுத்தம் பாய்ந்து பலகை போய்விடும். அதனால் பழுது பார்ப்பவர்களிடையே ஒரு வாய்ப்பாடு உருவானது: கறுப்பும் கறுப்பும் நடுவில். இரண்டு பிளக்கின் கறுப்பு வயர்களும் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி நின்றால் சரி. 1990களில் கணினி கற்றுக்கொண்ட உங்கள் மாமாவையோ சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்கள். பல பேருக்கு இன்னும் நினைவிருக்கும். பொருந்துகிறது என்பதும் சரி என்பதும் ஒன்றல்ல. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் தலையிலேயே வந்து விடியும்.

இனி 5 வோல்ட்டுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

செயலியின் வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் டிரான்சிஸ்டரைச் சிறிதாக்க வேண்டும். 1974-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு கணக்கை எழுதி வைத்தார்கள். டிரான்சிஸ்டரின் அளவைக் குறைக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் வெப்பம் கட்டுக்குள் இருக்கும் என்பது அதன் சாரம். செயலி குடிக்கும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் திறன் கால் பங்காகக் குறையும். டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் காப்புப் படலமும் மெலிந்துகொண்டே போனதால் பழைய 5 வோல்ட்டை அது தாங்கவும் தாங்காது.

1993-இல் வந்த முதல் பென்டியம் இன்னும் 5 வோல்ட்டில்தான் ஓடியது, 15 வாட்டை ஒட்டிக் குடித்துச் சூட்டுக்குப் பேர்போனது. அடுத்த ஆண்டே 3.3 வோல்ட் பென்டியம் வந்துவிட்டது. ஆனால் கடையில் விற்ற மின்வழங்கிகளில் 3.3 வோல்ட் வயரே கிடையாது! பலகை தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? செயலிக்குப் பக்கத்தில் ஒரு சீராக்கியை வைத்து 5 வோல்ட்டை அங்கேயே குறைத்தார்கள். தொடக்கத்தில் பல பலகைகளில் இருந்த சீராக்கி மிச்ச 1.7 வோல்ட்டை வெறும் சூடாக மாற்றி வீசியது. எடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே வீண். அதற்கென்று ஓர் அலுமினியத் தகடு வேறு. பிறகு, வினாடிக்கு இலட்சக்கணக்கான தடவை திறந்து மூடி மின்னழுத்தத்தைக் குறைக்கும் வகைச் சீராக்கி அந்த இடத்தைப் பிடித்தது. இன்று உங்கள் பலகையில் செயலியைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்னச் சின்னச் சதுரப் பெட்டிகளும் உருளைகளும் அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள்.

1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற தர அமைப்பைக் கொண்டுவந்தது. பி8, பி9 போய், ஒரே 20 துளைப் பிளக் வந்தது. தலைகீழாகச் செருக முடியாதபடி துளைகளின் வடிவம் மாறி மாறி இருந்தது. 3.3 வோல்ட்டும் கூடவே வந்தது. உங்கள் கணினியைத் திரையில் சொடுக்கியே அணைக்க முடிவதும் ஏடிஎக்ஸின் கொடைதான். ஆனால் 3.3 வோல்ட் வந்து சேர்ந்த நேரத்தில் செயலி இன்னும் கீழே இறங்கிவிட்டது. 1997 சனவரியில் வந்த எம்எம்எக்ஸ் பென்டியத்தின் உட்பகுதிக்கு 2.8 வோல்ட். ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வோர் எண். பலகையில் இருந்த குட்டிக் குட்டி ஜம்பர்களைக் கையேட்டைப் பார்த்து மாற்ற வேண்டும், தப்பினால் செயலிக்கே உலை. பென்டியம் புரோ போன்ற செயலிகள் இந்தத் தலைவலியைத் தீர்த்தன. எனக்கு இத்தனை வோல்ட் வேண்டும் என்று சில ஊசிகளின் வழியாகச் செயலியே பலகைக்குச் சொல்லிவிடும். இதற்குப் பிறகு மின்வழங்கி செயலியின் பின்னால் ஓடுவதை நிறுத்தியது. இறுதிக் குறைப்பைப் பலகையே பார்த்துக்கொள்ளும் என்றாகிவிட்டது.

இனிதான் முக்கியமான கட்டம். இயற்பியல் எடுக்கும் மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். செயலியின் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே போனது, சரி. திறனும் கூடவே இறங்கியிருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் டிரான்சிஸ்டர் எண்ணிக்கையும் வேகமும் அதைவிட வேகமாக ஏறியதால் திறன் ஏறிக்கொண்டே போனது. ஒரு பக்கம் வோல்ட் இறங்க, மறுபக்கம் வாட் ஏற, நடுவில் மாட்டிக்கொண்டது ஆம்பியர். 2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தது. 4 கோடியே 20 இலட்சம் டிரான்சிஸ்டர், 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் சுமார் 55 வாட், மின்னழுத்தம் 1.7 வோல்ட்டை ஒட்டி. வகுத்துப் பாருங்கள், 30 ஆம்பியருக்கும் மேல்!

இந்த 55 வாட்டைப் பழைய வழக்கப்படி 5 வோல்ட் வயரிலிருந்து எடுத்தால், சீராக்கியின் இழப்பைக் கணக்கில் சேர்க்காமலே, 11 ஆம்பியர். 20 துளைப் பிளக்கில் 5 வோல்ட்டுக்கு இருந்தவை நான்கே ஊசிகள். அதே நான்கு ஊசிகளிடம்தான் மற்றச் சில்லுகளும் அட்டைகளும் கையேந்தி நின்றன. அதே 55 வாட்டை 12 வோல்ட்டிலிருந்து எடுத்தால் 4.6 ஆம்பியர் போதும். வயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? 5 வோல்ட்டில் மின்னோட்டம் 2.4 மடங்கு, ஆகவே ஒரே வயரில் சூடு 5.76 மடங்கு. அப்படியென்றால் 12 வோல்ட்டுக்கு மாறிவிட வேண்டியதுதானே? மாறலாம், ஆனால் 20 துளைப் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு இருந்தது ஒரே ஒரு மஞ்சள் வயர். மோட்டார் சுழற்ற வைத்திருந்த வயரை நம்பிச் செயலியை ஒப்படைக்க முடியுமா?

அதனால்தான் 2000-ஆம் ஆண்டில் ஏடிஎக்ஸ்12வி என்ற விதி வந்தது. அதில் பிறந்ததுதான் நம் நான்கு துளைப் பிளக். மஞ்சள் இரண்டு, கறுப்பு இரண்டு. செயலிக்கு மட்டுமே உரியது. கடைகளில் அதற்குப் ‘பி4 பிளக்’ என்றே பேர் விழுந்தது. கணினி மேம்படுத்தப் போனவர்கள் புதிய பலகை வாங்கினால் புதிய மின்வழங்கியும் வாங்க வேண்டியிருந்தது. சிலர் மாற்று வயர் வாங்கிச் சமாளித்தார்கள். அதே காலத்து ஏஎம்டி செயலிகளுக்கான பல பலகைகள் இன்னும் 5 வோல்ட்டையே நம்பியிருந்தன. 1.4 கிகாஹெர்ட்ஸ் ஆத்லான் 72 வாட் வரை குடித்தது. 5 வோல்ட்டில் அது 14 ஆம்பியரைத் தாண்டும். அங்கேயும் 12 வோல்ட் வந்து சேர்ந்தது, கொஞ்சம் தாமதமாக.

இந்தத் தீர்வு புதியதா என்றால், இல்லை என்பேன். நெடுஞ்சாலையில் போகும்போது இரும்புக் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டின் தேசிய மின்கட்டமைப்பு 132, 275, 500 கிலோவோல்ட்டில் மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அதைக் குறைக்கிறார்கள். தூரத்துக்கு உயர்ந்த மின்னழுத்தம், வாசலில் குறைந்த மின்னழுத்தம். கணினிப் பெட்டிக்குள் தூரம் என்பது அரை மீட்டர், மின்னழுத்தம் என்பது 12 வோல்ட். அளவு மாறியிருக்கிறது, நியாயம் ஒன்றுதான். வழித்தொடரில் உள்ள இழப்பைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லாரும் கோபுரத்தையே எழுதுவார்கள். நீங்கள் இந்தப் பிளக்கையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், திருத்துபவர் கண் நிற்கும். (திருத்துபவர் சார்பில் சொல்கிறேன், சத்தியமாக நிற்கும்.)

நம் ஊர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இன்டெல் தன் நாட்டுக்கு வெளியே முதல் ஆலையை 1972-இல் தொடங்கியது நம் பினாங்கில், பாயான் லெப்பாஸில். பழைய பென்டியம் 4 ஒன்று கிடைத்தால் அதன் உலோக மூடியைத் துடைத்துப் படித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் இருக்காது, ஆனால் பலவற்றில் நம் நாட்டின் பெயர் சுருக்கமாக ‘மலாய்’ என்று பொறிக்கப்பட்டிருக்கும். மாணவர்கள் கையில் கொடுத்தால் அந்தப் பாடவேளை தானாக நடக்கும்.

பிறகு நடந்தவை விறுவிறுவென்று நடந்தன. 2003-இல் பெரிய பிளக் 20-இலிருந்து 24 துளை ஆனது. பென்டியம் 4 வரிசை சூட்டிலேயே முட்டிக்கொண்டு நின்றது. மின்னழுத்தத்தை முன்புபோல் குறைக்க முடியவில்லை, டென்னார்டின் கணக்கு அங்கே உடைந்தது. 2004 மே மாதம் இன்டெல் அதன் அடுத்த வாரிசையே கைவிட்டது. 2005-இல் வந்த பென்டியம் டி வகைகளில் ஒன்றின் வெப்ப அளவு 130 வாட். வழங்கிக் கணினிகளில் அதற்கு முன்பே இருந்த எட்டுத் துளைப் பிளக் மேசைக் கணினிக்கு இறங்கி வந்தது. மஞ்சள் நான்கு, கறுப்பு நான்கு. ஒவ்வொரு வயரும் சுமப்பது பாதி, ஒவ்வொரு வயரிலும் சூடு கால். பழைய பலகைக்கும் பயன்படட்டும் என்று அதை நான்கும் நான்குமாகப் பிரிக்கும்படி செய்தார்கள். இன்று விலை உயர்ந்த பலகைகளில் இப்படிப்பட்ட பிளக் இரண்டு இருக்கும்.

இன்றைய நிலவரத்துக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. 2022-இல் வந்த இன்டெல் ஐ9-13900கே உச்சத்தில் 253 வாட் வரை குடிக்கும். வயரில் 12 வோல்ட், ஆக 21 ஆம்பியர். செயலிக்குள் சுமார் 1.25 வோல்ட், ஆக ஏறக்குறைய 200 ஆம்பியர். 2,000 வாட் மின்கெண்டி வீட்டுச் சுவரிலிருந்து எடுப்பது 9 ஆம்பியர்தான். 200 ஆம்பியர் என்பது காரைத் தொடக்கும்போது பேட்டரி கொடுக்கும் வகையைச் சேர்ந்தது. வழியில் ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 0.2 வோல்ட் கரைந்துவிடும். 12-இல் 0.2 போனால் தெரியாது, 1.25-இல் போனால் கணினி நின்றுவிடும். சீராக்கி செயலியை ஒட்டிக்கொண்டே இருப்பது அதனால்தான். 2013-இல் இன்டெல் அதில் ஒரு பகுதியைச் செயலிக்கு உள்ளேயே வைத்துப் பார்த்தது, இரண்டு ஆண்டில் எடுத்துவிட்டது. இப்போது 12 வோல்ட்டைத் தவிர வேறெதையும் மின்வழங்கி தர வேண்டாம் என்ற புது விதியும் வந்திருக்கிறது, அதில் பெரிய பிளக்கே பத்துத் துளைதான். மோட்டாருக்கென்று வந்த 12 வோல்ட் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

இனி என் கதை.

மூன்று ஆண்டுக்கு முன் எங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்துக்கு ஒரு பெற்றோர் தம் பழைய மேசைக் கணினியைக் கொடுத்தார். நல்ல கணினி, மின்வழங்கி மட்டும் பழுது. கழகப் பணத்தில் புதிய வழங்கி ஒன்று வாங்கினோம். மாட்ட முன்வந்தவன் படிவம் 4 மாணவன். கட்டுரையில் சுமார், கைவேலையில் கெட்டிக்காரன். புதியது, வயர்களை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டும் வகை. பழையதும் அதே வகைதான், ஆனால் வேறு தயாரிப்பு. பழைய செயலி வயர் பலகைக்குப் பின்னால் அழகாகக் கட்டப்பட்டிருந்தது. “டீச்சர், இந்த வயரையே வச்சுக்கலாமா, இல்ல புதுசு இழுக்கணுமா?” என்று கேட்டான். நான் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. “எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, பொருந்தினா போடுப்பா” என்றேன்.

பொருந்தியது. விசையைப் போட்டதும் சுள்ளென்று ஒரு சத்தம், கருகிய வாடை. அதோடு பலகை போனது.

காரணம் இதுதான். பலகைப் பக்கத்தில் அந்தப் பிளக்குக்கு விதி உண்டு. உலகில் எந்தப் பலகையை எடுத்தாலும் மஞ்சளின் இடமும் கறுப்பின் இடமும் ஒன்றே. ஆனால் மின்வழங்கிப் பக்கத்து முனைக்கு அப்படிப் பொதுவான விதி இல்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி ஊசிகளை வரிசைப்படுத்துகிறார்கள். வடிவம் பொருந்தும், உள்ளே வரிசை வேறு. எங்கள் கணினியில் 12 வோல்ட்டும் தரையும் இடம் மாறிப் போயின. 1981-இன் பி8, பி9 கோளாறு பலகையிலிருந்து விரட்டப்பட்டு, வயரின் மறுமுனையில் போய் உட்கார்ந்துகொண்டது. இதேபோல் வரைகலை அட்டைக்கான எட்டுத் துளைப் பிளக்கும் செயலிப் பிளக்கைப் போலவே இருக்கும். அதில் மஞ்சளும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். துளைகளின் வடிவம் வேறு என்பதால் இலேசில் நுழையாது, ஆனால் பலங்கொண்டு அழுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

மறுநாள் கழகக் கூட்டத்தில் எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். “எரிச்சிட்டான்” என்று யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் அப்போதே எழுந்து, போடச் சொன்னவள் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அதற்குள் அவன் கழகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அவன் எதுவும் பேசவில்லை, தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

வட்டில் இருந்த கோப்புகள் தப்பின என்பது ஆறுதல். அடுத்த ஆண்டு வேறொரு பலகை கிடைத்தபோது அவனே வந்தான். இம்முறை மல்டிமீட்டரோடு. பலகையில் மாட்டும் முன்னே, தனியாக வழங்கியை ஓடவிட்டு, மஞ்சள் துளையில் 12 வோல்ட் வருகிறதா, கறுப்பு தரைதானா என்று ஒவ்வொன்றாக அளந்தான். பழைய வழங்கியின் வயர்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டி, புதிய வழங்கியின் வயர் ஒவ்வொன்றிலும் வெள்ளை ஒட்டுத்தாள் சுற்றிப் பெயர் எழுதினான். செயலிக்குப் போகும் வயரில் ‘செயளி’ என்று எழுதியிருக்கிறான். இரண்டு ஆண்டாக அந்தத் தாள் அப்படியேதான் இருக்கிறது, நான் திருத்தவில்லை.